மூடி திறக்காத கருநீலம்

அந்தப் பெண் நகத்தால் கீறிக் காட்டிய நிறத்தையே நான் அடித்திருந்தால், அவள் இன்று எங்கள் வீட்டில் இருந்திருப்பாளா? இரண்டு வருடமாக இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு நாள் இருந்திருப்பாள் என்று தோன்றும். மறுநாள், ஒரு சுவரின் நிறத்துக்காக யாராவது வீட்டை விட்டுப் போவார்களா, போகிறவள் எப்படியும் போயிருப்பாள் என்று தோன்றும். இரண்டில் எது உண்மையாக இருந்தாலும் எனக்கு நிம்மதி இல்லை.

எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில், பழைய செய்தித்தாள் கட்டுக்கும் என் மகனின் உடைந்த நடைவண்டிக்கும் நடுவில், ஒரு பெயிண்ட் டின் இருக்கிறது. நான்கு லிட்டர் டின். மூடியில் மஞ்சள் தடவி, நடுவில் குங்குமம் வைத்திருக்கிறது. மஞ்சள் இப்போது காய்ந்து செதில் செதிலாக இருக்கிறது. கைப்பிடிக் கம்பியில் சுற்றியிருந்த மல்லிகைச் சரத்தின் பூவெல்லாம் உதிர்ந்து நார் மட்டும் தொங்குகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் பெயிண்ட் டின்னுக்கு எதற்குப் பொட்டு என்று கேட்பார்கள். ஆயுத பூஜைக்கு வைத்தது என்று சொல்லிவிடுவேன். அந்தப் பொய் எனக்கு நன்றாகப் பழகிவிட்டது.

என் கணவருக்கு நான் இரண்டாவது மனைவி. முதல் மனைவி நோயில் இறந்து ஒரு வருடம் கழித்து, போடியில் உள்ள இந்த வீட்டுக்கு நான் வந்தேன். அவருடைய மகளுக்கு அப்போது பதிமூன்று வயது. பெரியவள் என்றே அவளை இங்கே எழுதுகிறேன். எனக்குப் பிறந்தவன் சின்னவன். கல்யாணத்துக்கு முன் பெரியகுளத்தில் ஒரு தனியார் பள்ளியில் மூன்று வருடம் அறிவியல் ஆசிரியையாக இருந்தேன். பதிமூன்று வயதுப் பிள்ளைகளை நாற்பது நாற்பதாகப் பார்த்தவளுக்கு ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொள்வதா பெரிய காரியம் என்று நினைத்தேன். வகுப்பில் ஒருத்தி அடம் பிடிப்பாள், ஒருத்தி அழுவாள். அன்றைக்கு என்ன செய்ய வேண்டும் என்று அதை வைத்தே தெரிந்துவிடும். பெரியவள் அடம் பிடிக்கவும் இல்லை, அழவும் இல்லை. தட்டில் வைத்ததைச் சாப்பிட்டாள், தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள், தன் துணியைத் தானே துவைத்தாள். முதல் நாளே என்னைச் சித்தி என்று கூப்பிட்டாள். நல்ல பிள்ளை, உனக்குக் கஷ்டமே இல்லை என்று தெருவில் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு மட்டும் அவளைப் பார்க்கும்போதெல்லாம் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் நினைவுக்கு வருவார்கள்.

அவளுக்குத் தாய்மாமன் ஒருவர் இருக்கிறார். கம்பம் பக்கத்துக் கூடலூரில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறார். இறந்துபோனவருக்குக் கூடப்பிறந்தவர் அவர் ஒருவர்தான். முதல் மனைவியின் அண்ணன் எப்படி நடந்துகொள்வாரோ என்று கல்யாணத்தன்று பயந்துகொண்டிருந்தேன். அவர் நேராக என்னிடம் வந்து, "இனிமே நீதேன் எனக்குத் தங்கச்சி. அங்கன உனக்கு ஒரு பொறந்த வீடு இருக்குன்னு நெனச்சுக்க தாயி" என்று சொன்னார். அதிலிருந்து தீபாவளிக்கும் பொங்கலுக்கும் எனக்கும் சேர்த்தே சேலை வந்தது. சின்னவன் பிறந்தபோது அவனுக்கும் அவரே வெள்ளி அரைஞாண் கொண்டுவந்து கட்டினார். எனக்கு உடன்பிறந்தவர்கள் இல்லை. என் அம்மாவுக்கும் இல்லை. அண்ணன் முறையில் ஒருவர் வாசலில் வந்து நிற்பது எப்படி இருக்கும் என்று அவரால்தான் தெரிந்துகொண்டேன்.

பெரியவள் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்ததும், இனி அவளுக்குத் தனியாக ஓர் அறை வேண்டும் என்று நான்தான் ஆரம்பித்தேன். அதுவரை அவள் கூடத்தில், சின்னவனின் தொட்டிலுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டிருந்தாள். எங்களுடையது ஓட்டு வீடு. முன்னறைக்கு மேலே, கூரைக்குக் கீழே ஒரு மச்சு உண்டு. செங்குத்தான மரப்படியில் ஏறிப் போக வேண்டும். என் மாமனார் காலத்தில் ஏலக்காய் மூட்டைகளை அங்கேதான் அடுக்கி வைத்திருந்தார்களாம். வெயில் நாட்களில் பலகைகள் சூடேறும்போது இப்போதும் லேசாக ஏலக்காய் வாசனை வரும். இரண்டு பக்கமும் கூரை சரிந்து இறங்குவதால் நடுவில் மட்டும்தான் நிமிர்ந்து நிற்கலாம். மேற்கே ஒரு சின்ன ஜன்னல். அதைத் திறந்தால் போடிமெட்டுக்கு ஏறும் மலை. ஓடுகளுக்கு நடுவே ஒரு கண்ணாடி ஓடு உண்டு. காலை ஏழு மணிக்கு எதிர்ச் சுவரில் விழும் அதன் வெளிச்சம் மத்தியானத்துக்குள் தரைக்கு வந்துவிடும். மச்சைச் சுத்தம் செய்து, பலகை மாற்றி, மின்விசிறி மாட்டியாயிற்று. பெயிண்ட் மட்டும் பாக்கி.

கடையிலிருந்து கலர் கார்டு வாங்கி வந்து அவள் கையில் கொடுத்தேன். நூற்றுக்கணக்கான கட்டங்கள். "உனக்கு எது வேணுமோ பாத்துச் சொல்லு பாப்பா" என்றேன். "உங்க இஷ்டம் சித்தி" என்று எப்போதும் போலச் சொல்லிவிட்டு அதை வாங்கி வைத்துக்கொண்டாள். மூன்று நாள் கழித்து அரிசி டப்பாவின் மேல் அந்தக் கார்டு இருந்தது. நான் காலையில் முதலில் திறப்பது அந்த டப்பாவைத்தான். இந்த வீட்டில் அவளுக்கு மட்டும்தான் அது தெரியும். கார்டில் ஒரே ஒரு கட்டத்துக்குக் கீழே நகத்தால் ஒரு கோடு. அழுத்தமாக, பேப்பரில் பள்ளம் விழும்படி கீறியிருந்தாள். கருநீலம். மழை பிடிக்கும் முன் மலைக்கு மேலே நிற்குமே, கிட்டத்தட்டக் கறுப்பு, அந்த நீலம். இந்த வீட்டில் மூன்று வருடத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் பொருள் அது.

இதை எழுதும்போதுதான் உறைக்கிறது. அன்று எனக்கு அது உறைக்கவில்லை. அன்று எனக்குத் தோன்றியது பயம்தான். எதிர்வீட்டு அக்கா கார்டை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஏத்தா, பேய் பங்களாவுக்கா பெயிண்டு பாக்குற? நீயே ரெண்டாந்தாரம். தாயில்லாப் பிள்ளைய இருட்டுக்குள்ள அடைச்சுப்புட்டான்னு பேசுறதுக்கு ஊருக்குள்ள ஆளா இல்ல?" வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் நான் கார்டை எடுத்துக்கொண்டு மச்சுக்கு ஏறிக் காலை வெளிச்சத்தில் சுவரோடு வைத்துப் பார்த்தேன், மத்தியானம் பார்த்தேன், விளக்கைப் போட்டுப் பார்த்தேன். ஒரு நோட்டில் நன்மை, தீமை என்று கோடு போட்டு எழுதினேன். தீமைப் பக்கத்தில் ஏழு இருந்தன. நன்மைப் பக்கத்தில் 'அவள் கேட்டது' என்று ஒன்று மட்டும் இருந்தது. எண்ணிக்கையைப் பார்த்து முடிவெடுத்தேன். மாணவர்கள் இப்படிச் செய்திருந்தால் நானே திருத்தியிருப்பேன்.

எங்கள் பெயிண்டர் அண்ணனும் தன் பங்குக்குச் சொன்னார். "டீச்சர், இந்தக் கலர அடிச்சா பிள்ளைக்குப் பகல்லயே டார்ச்சு வாங்கிக் குடுக்கணும். ஒரு தடவ அடிச்சிட்டா பெறகு வெள்ளைக்கு மாத்த நாலு கோட்டு வேணும், ஆமா சொல்லிட்டேன்." வைகாசி மாதம். கல்யாண வீடுகளால் அவருக்கு ஓய்வே இல்லை. வியாழனும் வெள்ளியும் மட்டும்தான் காலி, விட்டால் ஆனிக் கடைசி என்றார். அதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிடும். அவள் புது வகுப்புக்குப் போகும் முதல் நாள் புது அறையிலிருந்து இறங்கி வர வேண்டும் என்பது என் ஆசை.

புதன்கிழமை சாயங்காலம் பெரியவள் அடுப்படி வாசலில் வந்து நின்றாள். "சித்தி, மாமா பெயிண்டு எடுத்துட்டு வாராகளாம். ஞாயித்துக்கெழம வாராக" என்றாள். சின்னவன் இடுப்பில் அழுதுகொண்டிருந்தான், பால் பொங்கிக்கொண்டிருந்தது. "எதுக்குப் பாப்பா அவுகளுக்குச் சிரமம்? நான் பாத்துக்கிறேன்" என்றேன். அவள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு "சரி சித்தி" என்று போய்விட்டாள். அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். பாலை இறக்கி வைத்துவிட்டு ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மறுநாள் காலையில் நானே கடைக்குப் போனேன். முதல் தாரத்து அண்ணன் வந்து வீட்டுக்குப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தார் என்று பேச்சு வரக் கூடாது என்பது மனதில் இருந்தது. எடுத்த முடிவை மாற்றி, கருநீலமே வாங்கிவிடலாம் என்றுதான் படியேறினேன். கடைக்காரர் கார்டைப் பார்த்து, "யாருக்கும்மா ரூமு?" என்றார். "எங்க மகளுக்கு" என்றேன். "பொம்பளப் பிள்ளைக்கா இது?" என்றார். அவ்வளவுதான். இளம் ஊதாவைக் காட்டி அதைக் கலந்து தரச் சொன்னேன். அதுவும் நீலத்துக்குச் சொந்தம்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, இன்னும் கொஞ்சம் அடர்த்தியாக வாங்கியிருக்கலாமோ என்று மறுபடி கடைக்குப் போன் செய்தேன். கலந்தது கலந்ததுதான் என்றார்கள்.

வெள்ளிக்கிழமை மாலையில் வேலை முடிந்தது. மச்சு எவ்வளவு அழகாக இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். கண்ணாடி ஓட்டு வெளிச்சம் பட்டு நான்கு பக்கமும் பளீரென்றிருந்தது. பெரியவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் படியில் பாதிதான் ஏறினாள். தலை மட்டும் மச்சுக்கு மேலே தெரிய நின்று, நான்கு பக்கமும் பார்த்தாள். "நல்லா இருக்கு சித்தி" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். எனக்கு அவள் குரலில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே மதிப்பெண் சொல்வேன் என்று ஒரு காலத்தில் பெருமையடித்தவள் நான்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மாமன் வந்தார். தனியாக வரவில்லை. அவர் மனைவியும் இரண்டு மகள்களும் கூட வந்திருந்தார்கள். வெள்ளை வேட்டி, புதுத் துண்டு. மனைவியின் கையில் தாம்பாளம். அதில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், தேங்காய், ஒரு சீப்பு, ஒரு கண்ணாடி, மடிப்புக் கலையாத பாவாடை தாவணி. பெண்கள் கையில் ஒரு கூடை திராட்சை. அவர் தோளில் அந்த டின். மூடியில் மஞ்சள் குங்குமம், கைப்பிடியில் மல்லிகைச் சரம்.

பெரியவள் பெரிய மனுஷியானது அவளுடைய அம்மா மதுரை ஆஸ்பத்திரியில் இருந்தபோது. அடுத்த மாதமே அம்மா இறந்துபோனார். சடங்கு வைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் சடங்குக்குத் தாய்மாமன்தான் எல்லாம். பச்சை ஓலையில் குடிசை கட்டுவதும், முதல் தண்ணீர் ஊற்றுவதும், மேளதாளத்தோடு சீர் கொண்டுவருவதும் அவர் உரிமை. அந்த உரிமை நிறைவேறாமல் நான்கு வருடம் அவர் நெஞ்சில் கிடந்திருக்கிறது. நாள் கடந்துபோய்ப் பந்தல் போட்டு ஊரைக் கூப்பிட முடியாது. மருமகளுக்கு என்று ஓர் அறை தயாராகிறது, அவள் ஒரு நிறம் கேட்கிறாள் என்றதும், குடிசைக்குப் பதிலாக அந்த அறையின் நிறத்தைத் தன் சீராகக் கொண்டுவர முடிவு செய்திருக்கிறார். மாமன் கையால் முதல் பட்டை இழுத்துவிட்டு, மீதியைப் பெயிண்டர் அடித்துக்கொள்ளட்டும் என்று யோசனை. இதை அவர் தொலைபேசியில் பெரியவளிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறார். எங்களிடம் நேரில் சொல்வதுதான் முறை என்று நினைத்தாராம்.

வாசலில் அவர் முகம் அத்தனை மலர்ச்சியாக இருந்தது. "என்ன தங்கச்சி, ரோலரு எங்க? மாமன் இன்னைக்குப் பெயிண்டரு" என்றார். அவர் மனைவி, "வழியெல்லாம் இதே பேச்சுத்தேன். தேவாரத்துல பஸ்சு நின்னப்ப டின்ன மடியில வச்சுக்கிட்டு இறங்க மாட்டேன்னுட்டாக, டீ கூடக் குடிக்கல" என்று கேலி செய்தார். எல்லோரும் சிரித்தார்கள். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். புதுப் பெயிண்டின் வாசனை கூடம் வரைக்கும் இருந்தது. பொய் சொல்ல வழியே இல்லை.

"பெயிண்டு அடிச்சாச்சுண்ணே" என்றேன். "பெயிண்டருக்கு நாள் இல்லன்னு சொன்னாரு. அதான்..."

அவர் டின்னைத் தோளிலிருந்து இறக்கவில்லை. அப்படியே மரப்படி ஏறி மச்சுக்குப் போனார். மேலே பலகையில் அவர் காலடிச் சத்தம் இரண்டு எட்டுக் கேட்டது, பிறகு நின்றுவிட்டது. கீழே சின்னவன் திராட்சைக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தான். இறங்கி வந்தவர் டின்னைக் கடைசிப் படிக்குப் பக்கத்தில் மெதுவாக வைத்தார், தூங்கும் குழந்தையைப் பாயில் விடுவது போல. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நல்லா வெளிச்சமா இருக்குதுங்க. நல்ல கலருதேன் எடுத்திருக்கீக" என்றார்.

எடுத்திருக்கீக. அதுவரை என்னை நீ என்று கூப்பிட்டவர். மூன்று வருடமாக எனக்கு இருந்த அண்ணனை அந்த ஒரு வார்த்தையில் நான் இழந்தேன். அவர் கோபப்பட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அவர் மரியாதை கொடுத்துவிட்டார். தாம்பாளத்தைப் பெரியவளிடம் கொடுத்தார்கள். அவள் வாங்கிக்கொண்டு எல்லோர் காலிலும் விழுந்து கும்பிட்டாள், என் காலிலும். இலை போட்டேன். வீட்டில் வேலை கிடக்கிறது என்று தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். சீர் கொண்டுவந்தவர்கள் சாப்பிடாமல் போவது எங்கள் ஊரில் சின்ன விஷயம் இல்லை. எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எந்தப் பேச்சுக்குப் பயந்தேனோ, அது அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் போய்விட்டது.

அது சீர் என்று எனக்குத் தெரியாது என்று என் கணவரிடம் சொன்னேன். "தெரிஞ்சா செய்வியா? விடு" என்றார். ஏலக்காய்க் கடையில் தரம் பார்க்கும் வேலை அவருக்கு. நல்லதையும் பட்டுப்போனதையும் பிரித்த பிறகு பட்டுப்போனதைப் பற்றிப் பேச மாட்டார். ஆனால் தெரியாது என்று நான் சொன்னது முழு உண்மைதானா? அன்று பெரியவள் அடுப்படி வாசலில் நின்ற விதம் சாதாரணச் செய்தி சொல்ல வந்தவள் நிற்கும் விதம் இல்லை. அது எனக்கு எங்கோ தெரிந்தது. தெரிந்தும், ஞாயிற்றுக்கிழமைக்கு முன் முடித்துவிட வேண்டும் என்று நான்தான் பெயிண்டரை விரட்டினேன். அந்த அறையை அவளுக்குக் கொடுத்தது நானாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேனோ என்னவோ. எத்தனை முறை யோசித்தாலும் இந்த இடத்தில் வந்து நின்றுவிடுகிறேன்.

பெரியவள் அந்த மச்சில் ஐந்து நாள் படுத்தாள். ஆறாம் நாள் காலையில் அப்பாவிடம், கூடலூரில் மாமா வீட்டிலிருந்து மேல்படிப்புப் படிக்கட்டுமா என்று கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். போகாதே என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால், பிடித்துவைத்துக் கொடுமை செய்கிறாள் என்பார்களோ என்று நினைத்தேன். சரி என்றால், விரட்டிவிட்டாள் என்பார்கள். அந்த இரண்டுக்கும் நடுவில் யோசித்துக்கொண்டே, "உன் இஷ்டம் பாப்பா" என்று சொன்னேன். அவள் சொல்லும் அதே பேச்சு என் வாயில் வந்தது. அவள் என் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டுத் துணிகளை எடுத்துவைக்கப் போனாள். எடுத்துவைக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. அவள் பை எப்போதும் பாதி கட்டியே இருந்ததை அன்றுதான் கவனித்தேன்.

அடுத்த தை மாதம் சின்னவனைத் தூக்கிக்கொண்டு கூடலூருக்குப் போனேன். மாமன் வீட்டில் இலை போட்டு, இனிப்பு வைத்து, விருந்தாளிக்குச் செய்யும் எல்லாவற்றையும் செய்தார்கள். "சாப்பிடுங்க, கூச்சப்படாதீக" என்று அவர் மனைவி பரிமாறினார். முன்பெல்லாம் அந்த வீட்டில் நானே சட்டியைத் திறந்து எடுத்துச் சாப்பிட்டிருக்கிறேன். சாப்பாடு முடிந்ததும் பெரியவள் தம்பியைத் திராட்சைப் பந்தலுக்கு அழைத்துப் போனாள். நானும் பின்னால் போனேன். வெட்டி முடித்த பந்தல், மொட்டைக் கொடிகள். அவள் கொஞ்சம் சதை போட்டிருந்தாள், கண்ணுக்குக் கீழே கறுப்பு குறைந்திருந்தது. அங்கேதான், அரிசி டப்பாவின் மேல் கார்டு இருந்த அன்று கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்.

"அந்தக் கருநீலம் எதுக்குப் பாப்பா கேட்ட?"

"சும்மாதேன் சித்தி."

"சும்மா சொல்லு. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

அவள் தம்பிக்கு ஒரு கொடி நுனியைக் கிள்ளிக் கொடுத்தாள். "அம்மாகூட ஆஸ்பத்திரியில ரெண்டு மாசம் இருந்தேன்ல. வார்டுல லைட்ட அணைக்கவே மாட்டாக சித்தி. செவரெல்லாம் வெளிச்சமா, பளபளன்னு இருக்கும். கண்ண மூடுனாலும் வெளிச்சம் உள்ள வரும். அப்ப இருந்து எனக்குச் சரியாத் தூக்கம் இல்ல. நல்லா இருட்டா இருந்தாத் தூங்கலாம்னு நெனச்சேன். அம்புட்டுத்தேன்."

அவ்வளவுதான். மூன்று வருடம் என் வீட்டுக் கூடத்தில், சின்னவன் பிறந்த பிறகு அவனுக்காக நான் எரியவிட்ட சிறு விளக்குக்குப் பக்கத்தில், அந்தப் பிள்ளை தூங்காமல் படுத்திருக்கிறாள். மகனுக்கு இருட்டென்றால் பயம் என்று விளக்கை எரியவிட்டேன். மகளுக்கு வெளிச்சமென்றால் பயம் என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் அவள் வாய் திறந்து இருட்டைக் கேட்டபோது, அந்த ஐந்து ராத்திரியும் கண்ணாடி ஓட்டு வழியே வரும் நிலவு பட்டுச் சுவர் பளபளக்கும்படி ஓர் அறையைத் தயார் செய்து கொடுத்தேன்.

"இங்கன தூக்கம் வருதா?" என்று கேட்டேன்.

"இங்கன மூணு பேரும் ஒண்ணாப் படுத்துக்கிறோம் சித்தி. சின்ன மதினி கால மேல போட்டுக்கிட்டுக் குறட்டை விடுவா. அதுலயே தூங்கிருவேன்" என்று சிரித்தாள். அவள் என் முன்னால் பல் தெரியச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"மச்சுக்குக் கருநீலம் அடிச்சிரவா? லீவுக்கு வருவல்ல?"

"வேணாம் சித்தி. தம்பிக்கு வச்சுக்கங்க. அவனுக்கு வெளிச்சம்னாத்தேன் பிடிக்கும்" என்றாள். கோபமில்லாமல், உண்மையிலேயே தம்பிக்காக யோசித்துச் சொன்னாள்.

இரண்டு லீவு வந்து போய்விட்டது. அவள் வரவில்லை. அப்பாவைப் பார்க்கத் தோன்றினால் அவரைக் கம்பத்துக்கு வரச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறாள். இந்த வருடம் பரீட்சை முடித்ததும் நர்ஸிங் படிக்கக் கோயம்புத்தூர் போகப்போவதாக அவர் வந்து சொன்னார். விளக்கணைக்காத வார்டுகளில் வேலை செய்யப்போகிறாள். தெரிந்துதான் அதை எடுத்தாளா என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. மச்சில் போன ஐப்பசி மழைக்கு ஓர் ஓடு விலகி, இளம் ஊதாச் சுவரில் பழுப்பாகத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. திரும்ப அடித்துத்தான் ஆக வேண்டும். பெயிண்டர் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, படிக்கு அடியில் இருக்கும் டின்னைக் காலால் லேசாகத் தட்டினார். "இதுல ஒரு டின்னு சும்மா கெடக்கே டீச்சர்? உள்ள கட்டியாகிருக்கும். தொறந்து பாத்தாத்தேன் தெரியும்" என்றார். நான் அவரைத் திறக்கவிடவில்லை.

ஆரம்பத்தில் அந்த டின்னைத் தூக்கி ஆட்டினால் உள்ளே தண்ணீர் போலச் சத்தம் கேட்கும். இப்போது சேற்றில் கால் வைப்பது போல் மந்தமாக ஒரு சத்தம்தான் வருகிறது. நாளாக நாளாக அதுவும் நின்றுவிடும். திறந்து சுவரில் அடித்தால், மாமன் கையால் இழுக்க வேண்டிய முதல் பட்டையை மறுபடியும் நானே எடுத்துக்கொண்டதாக ஆகும். கூடலூருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால், சீரைத் திருப்பிக் கொடுத்தவள் ஆவேன். அதைவிடப் பெரிய அவமானம் எங்கள் பக்கத்தில் கிடையாது. ஒரு முறை வந்து அடித்துவிட்டுப் போங்கள் என்று அவரைக் கூப்பிட்டால் வருவார், மறுக்க மாட்டார். ஆனால் அந்த அறையில் படுக்க ஆள் இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இப்படியே விட்டால் ஒரு நாள் டின் துருப்பிடித்துத் தானாகவே ஒழுகும். பொட்டு வைத்த பொருளைக் குப்பையில் போட எனக்குக் கை வராது.

இதைப் படிக்கிறவர்களில் யார் வீட்டிலாவது, கொடுத்தவருக்கும் திருப்பித் தர முடியாமல், யாருக்காக வந்ததோ அவளுக்கும் தேவைப்படாமல், இப்படி ஒரு பொருள் தங்கியிருந்திருக்கலாம். நீங்கள் அதை என்ன செய்தீர்கள்? அவள் ஆவணியில் கோயம்புத்தூர் போகிறாள். அதற்குள் நான் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். அந்த மூடியை நான் திறக்கலாமா, கூடாதா? தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். நன்மை, தீமை என்று கோடு போட்டு எழுதிப் பார்த்துவிட்டேன். இந்த முறை இரண்டு பக்கமும் காலியாகவே இருக்கின்றன.